தாய்மாமன் பேரில் எழுபத்திரண்டு மெயில்

14

அந்தத் தொட்டில் விவகாரம் உங்களுக்கு மறந்திருக்காது. குழந்தை அரசு பிறந்த முப்பதாம் நாள், தாய்மாமன் முறைக்குத் தொட்டிலை எடுத்துக்கொண்டு ஆவடியிலிருந்து கிளம்பிய நிர்மல், பூந்தமல்லி ரோட்டு நெரிசலில் மாட்டி இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தான். வாசலில் நின்றிருந்த அக்கா மோகனப்பிரியாவின் புருஷன் கிருபாகரன், சொந்தபந்தம் அத்தனை பேரும் கேட்க ஒரு வார்த்தை விட்டான்.

"வா மச்சான்! தொட்டில் வர்றதுக்குள்ள புள்ள ஸ்கூலுக்கே போயிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நிர்மல் சிரிக்கவில்லை. தொட்டிலை ஹாலில் இறக்கி வைத்தான். குழந்தை நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தான். போய்விட்டான். அவனுக்காகப் போட்ட இலை அப்படியே கிடந்தது.

அதோடு பத்து மாதம். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மகனோடு ஆவடியில் இருக்கிற அம்மா கோமளா மட்டும் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோ மாறி மாறி காட்டுப்பாக்கம் வந்து, பேரனைக் கொஞ்சிவிட்டு, இங்கே உள்ளதை அங்கே சொல்லாமலும் அங்கே உள்ளதை இங்கே சொல்லாமலும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அரசுக்குப் பதினோரு மாதம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாகிவிட்டது. காது குத்த ஆசாரி இருக்கிறார், கம்மல் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன்தான் இல்லை.

"அவனா ஒரு போன் பண்ணட்டும், கூப்பிடறேன்" என்று மோகனப்பிரியா இருந்தாள்.

"அவளா ஒரு போன் பண்ணட்டும், வர்றேன்" என்று நிர்மல் இருந்தான்.

கடைசியில் பெரியம்மா மகன் வரதனைக் கேட்டார்கள். அவனும் மாமன் முறைதான். திருவேற்காட்டில் ஷேர் வேன் ஓட்டுகிறவன், ஆறடி ஆள். சரி என்று சொல்லிப் பட்டு வேட்டியும் எடுத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மோகனப்பிரியா லேப்டாப்பைத் திறந்தாள்.

வாட்ஸப் குடும்பக் குரூப்பில் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கிருபாகரனும் அதைத்தான் கேட்டான்.

"குரூப்ல போட்டா அது கூப்பிட்டதா ஆகுமாங்க? தண்ணி லாரி வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கும். அதுல நிர்மலும் இருக்கான். அவன் பாட்டுக்குப் பாத்துட்டு பேசாம இருந்தா எனக்கு அசிங்கம்."

அதனால் ஆளுக்கு ஒரு மெயில். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரும் முறையும் இருக்க வேண்டும். அன்புள்ள வரதன் அண்ணாவுக்கு, அன்புள்ள குரோம்பேட்டை சித்திக்கு என்று. சொந்தமும் ஆபீஸுமாக எழுபத்திரண்டு பேர். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும். ஆனால் மோகனப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறவள். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்து எழுபது மெஷினுக்கு வேலை சொல்கிற கை அது. பெயர்ப் பட்டியலை ஒரு ஃபைலில் போட்டாள். அதைப் படித்துப் படித்து ஒவ்வொருவருக்கும் மெயில் போகிற மாதிரி பத்து வரி எழுதினாள். அரசு பேரிலேயே புதிதாக ஒரு மெயில் முகவரியும் தொடங்கி, அனுப்புகிறவர் முகவரி என்ற இடத்தில் அதைப் போட்டாள்.

அழைப்பை அவள் எழுதியிருந்த விதமும் அழகு. பிள்ளையே பேசுகிற மாதிரி.

"எனக்குக் காது குத்தப் போறாங்களாம். என் மாமா மடியில உக்காந்து நான் அழறதைக் கேக்க நீங்க கண்டிப்பா வரணும். இப்படிக்கு, பொக்கை வாய் அரசு."

முதலில் அந்தப் புது முகவரிக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தாள். போனில் வந்து விழுந்தது. அனுப்பியவர் இடத்தில் 'நான்' என்று இருந்தது. தனக்குத் தானே அனுப்பினால் போன் அப்படித்தானே காட்டும்! திருப்தியாக என்டரைத் தட்டினாள். வரிகள் சரசரவென்று ஓடி நின்றன. எழுபத்திரண்டும் போயாயிற்று.

காபி போட எழுந்தாள்.

ஏழே காலுக்கு வரதன் போன் பண்ணினான்.

"இன்னாமா பிரியா, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"என்னண்ணா ஆச்சு?"

"நிர்மலு பேர்ல மெயிலு வந்துகீது. மாமா மடியில உக்காந்துன்னு போட்டுகீறான். அப்ப ராசியாயிட்டீங்க. சந்தோசம்மா. நான் இன்னாத்துக்கு நடுவுல?"

"யார் பேர்ல வந்திருக்கு?"

"நிர்மலு பேர்லதான். எம் பொண்ணு படிச்சிக் காமிச்சா. நெசமா சொல்றேன், எனக்கு நிம்மதியாக்கீது. புள்ள என் மடில அழுதா நானும் கூட அழுதுருவேன். வேனு ஓட்டறவன் கோயில்ல அழுதா ஸ்டாண்டுல நாளைக்கு எவன் மதிப்பான்? வேட்டிதான் எடுத்துட்டேன். பரவால்ல, தீபாவளிக்குக் கட்டிக்கறேன்."

போனை வைத்துவிட்டு மோகனப்பிரியா ஓடிப்போய்க் கிருபாகரன் போனைப் பிடுங்கினாள். அவனுக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தாள்.

அனுப்பியவர்: நிர்மல் ஜெயராமன்.

லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம் திரையை வெறித்ததும் புரிந்துவிட்டது. அந்த லேப்டாப் நிர்மலுடையது. நாலு வருஷம் முன்னால் புதுசு வாங்கியபோது, பழையதை அக்காவுக்கென்று சுத்தம் செய்து கொடுத்தவன் அவன்தான். அதைத் தயார் செய்யும்போது பயனர் பெயர் கேட்ட இடத்தில் தன் முழுப் பெயரையே அடித்துவிட்டான். அவளும் மாற்றவில்லை. மெயில் அனுப்புகிற கட்டளையில் முகவரிக்கு ஓர் இடம், பெயருக்கு ஓர் இடம். முகவரியை மட்டும் சொல்லிவிட்டுப் பெயரை விட்டுவிட்டால் மெஷின் அதைக் காலியாக விடாது. தனக்குத் தெரிந்த பெயர் எதுவோ அதை எடுத்து ஒட்டிவிடும். அதற்குத் தெரிந்த ஒரே பெயர் நிர்மல் ஜெயராமன்.

ஆபீஸில் மற்றவர்களுக்கு இதையே பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தன் வீட்டு விசேஷத்துக்குக் கோட்டை விட்டாள்.

யாருக்குமே சந்தேகம் வராததற்கும் காரணம் இருந்தது. அக்காவுக்குச் சித்தி தம்பிக்கும் சித்திதானே! முறையெல்லாம் அச்சு மாறாமல் பொருந்திவிட்டது.

"நிர்மல் பேர் எப்படி வந்துச்சு?" என்று கிருபாகரன் பின்னால் வந்து நின்றான்.

சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"இப்பதான் விழுப்புரத்துல இருந்து அப்பா போன் பண்ணாரு. 'உன் மச்சான் எனக்கே தனியா மெயில் போட்டுக் கூப்பிட்டிருக்கான்டா, நீ பேசின பேச்சுக்கு வேற யாராவதா இருந்தா வருவானா, பெரிய மனசுடா அவனுக்கு'ன்னு ஒரே பாராட்டு. நான் ஒண்ணும் புரியாம ஆமா ஆமான்னு வெச்சிட்டேன்."

"இப்ப என்னங்க பண்றது?"

"என்ன பண்றது? திருத்தம்னு இன்னொண்ணு அனுப்பு. முன்னாடி வந்ததுல பேர் தவறா வந்திடுச்சு, அழைப்பது நாங்கன்னு."

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. இந்தத் தடவை பெயர் என்ற இடத்தில் மோகனப்பிரியா என்று தெளிவாக அடித்தாள். திருத்தத்தை இரண்டு வரியில் எழுதினாள். சோதித்தும் பார்த்துவிட்டாள். என்டரைத் தட்டவேண்டியதுதான் பாக்கி.

அப்போது கோமளா கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"இன்னாடி பண்ணி வெச்ச?"

"அம்மா, அது வந்து..."

"காலைல ஆறரைலேர்ந்து உன் தம்பிக்குப் போன் மேல போன். குரோம்பேட்டை சித்தி, உங்க கஜபதி மாமா, எல்லாம். 'நீ கூப்ட்டது ரொம்ப சந்தோசம்பா'ன்றாங்க."

"அவன் என்னம்மா சொல்றான்?"

"அத்தாண்டி எனக்கே ஆச்சரியமாக்கீது. நான் அனுப்பலன்னு ஒருத்தர்கிட்ட கூட சொல்லல. 'ஆமா சித்தி, குடும்பத்தோட வந்துருங்க, ஒம்பது மணிக்கெல்லாம் வந்துருங்க'ன்னு எல்லாருக்கும் பதில் சொல்லிகினு கீறான். மூஞ்சி மட்டும் சரியில்ல. இட்லி வெச்சேன், தொடல. பாத்ரூம்ல நின்னுகினு உன்கிட்ட பேசறேன்."

மோகனப்பிரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நாங்க திருத்தம்னு ஒண்ணு அனுப்பலாம்னு இருக்கோம்மா. தவறா பேர் வந்திடுச்சுன்னு."

கோமளாவின் கிசுகிசுப்பு போய்விட்டது.

"அனுப்பு! நல்லா அனுப்பு! அவன் எல்லாருக்கும் வாங்க வாங்கன்னு சொல்லிகீறான். நீ அவன் இல்லன்னு எழுதி ஊர் முழுக்க அனுப்பு. தொட்டிலுக்கு உன் புருஷன் அம்பது பேர் முன்னாடி சிரிக்க வெச்சாரு. நீ எழுபது பேர் முன்னாடி வை. அப்புறம் இந்த ஜென்மத்துக்கு உனக்குத் தம்பி இல்ல, சொல்ட்டேன்."

போன் கட்டாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கிருபாகரனும் முழுசாகக் கேட்டான். அரசு தரையில் தவழ்ந்து வந்து அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான்.

மோகனப்பிரியா எழுதிய திருத்தத்தை அழித்தாள். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து புடவை எடுத்தாள்.

"எங்க போற?"

"ஆவடிக்கு. தட்டு வெச்சுக் கூப்பிடப் போறேன்."

"சரி, போயிட்டு வா. ஆட்டோ புக் பண்றேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான் என்ன பெருசா சொல்லிட்டேன்? ஒரு ஜோக்கு. எங்க ஃபேக்டரில இதைவிட மோசமா பேசிக்குவோம்."

அவள் புடவை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கிருபாகரன் போனைக் கீழே வைத்துவிட்டு, "என் நீலச் சட்டை அயர்ன் பண்ணியிருக்கா?" என்றான்.

பூந்தமல்லியில் பைக்கை நிறுத்தி வெற்றிலை, பாக்கு, ரெண்டு சீப்பு வாழைப்பழம், சாத்துக்குடி, மல்லி எல்லாம் வாங்கினார்கள். தட்டை மோகனப்பிரியா வீட்டிலிருந்தே பையில் கொண்டுவந்திருந்தாள். அங்கிருந்து ஆவடி ரோட்டில் போகும்போது, முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிய கிருபாகரன் ஹெல்மெட்டுக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போவது அவளுக்குக் கேட்டது.

"என்னங்க சொல்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. ரிகர்சல்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மடியில் அரசு காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு வந்தான். மனசு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நிர்மல் கதவைச் சாத்திக்கொண்டால்? தட்டை வாங்க மாட்டேன் என்றால்? எழுபத்திரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருக்க, மாமன் எங்கே என்று கேட்டால்?

ஆவடியில் மாடிப்படி ஏறும்போதே மேலே கதவு திறந்திருந்தது. கோமளா வாசலில் நின்று, நான் எதுவும் சொல்லவில்லை என்பது போல் கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

நிர்மல் ஹாலில் உட்கார்ந்திருந்தான். பத்து மாதத்தில் தாடி வளர்ந்திருந்தது. மோகனப்பிரியாவைப் பார்த்தான், கிருபாகரனைப் பார்த்தான், குழந்தையிடம் பார்வை வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

"வா மாமா" என்றான். "இன்னா, இவ்ளோ லேட்டு? பத்து மாசம் ஆகுது ஆவடி வர்றதுக்கு?"

கோமளா வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபாகரனுக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது மோகனப்பிரியாவுக்கு அப்படியே தெரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பதிலை அவன் முழுங்கினான்.

"ஆமா நிர்மல். லேட்டுதான்."

நிர்மல் எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்றான்.

"அக்கா, அந்த மெயிலு நான் அனுப்பினதில்லன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சித்தி ஸ்கிரீன்ஷாட் போட்ட உடனே தெரிஞ்சிடுச்சு. அந்த லேப்டாப்புல என் பேரை டைப் பண்ணவனே நான்தான். நீ பேர் போடற எடத்தை காலியா உட்டுட்ட."

"ஆமாடா. தப்பு பண்ணிட்டேன்."

"அது தப்பு இல்ல. யாருக்கும் ஆகும்." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "காலைலேர்ந்து எல்லாருக்கும் வாங்க வாங்கன்னு நானும் சொல்லிகினு கீறேன். எங்க அக்கா ஊட்டு விசேஷத்த நான் இல்லன்னு எப்பிடி சொல்றது? எல்லாரையும் நான் கூப்ட்டுகீறேன். எழுபது பேரு. எனக்கு மட்டும் ஒரு மெயிலும் வரல பாரு. உன் லிஸ்ட்லயே நான் இல்ல."

மோகனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டியலில் முதல் வரியில் அவன் பெயரைத்தான் எழுதியிருந்தாள். அனுப்பும் முன் அழித்தது அவள்தான். அதைச் சொன்னாலும் சமாதானம் ஆகாது.

பையிலிருந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை பாக்கு வைத்தாள், பழம் வைத்தாள், பூ வைத்தாள். அவசரத்தில் ஒரு சாத்துக்குடி உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. யாரும் எடுக்கவில்லை. தட்டின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, இன்னொரு பக்கத்தைச் சொல்லாமலே கிருபாகரன் பிடித்தான்.

"நிர்மல்" என்றான். ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அன்னைக்கு நான் சொன்னதை நீயும் நானும் தனியா இருக்கும்போது சொல்லியிருந்தா ஜோக்கு. அத்தனை பேர் முன்னாடி, தோள்ல தொட்டிலோட நின்னவனைப் பாத்து சொன்னது தப்பு. நீ சாப்பிடாம போனது இன்னும் எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு. நான்தான் முதல்ல வந்திருக்கணும்."

"மெஷின் கூப்பிட்டதை விடுடா. இது நான் கூப்பிடறேன்" என்றாள் மோகனப்பிரியா. "எம் புள்ளைக்கு உன் மடிலதான் காது குத்தணும். வாடா."

நிர்மல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் இடுப்பிலும் இல்லாமல் தரையில் விடப்பட்டிருந்த அரசு மட்டும் அவன் காலைப் பிடித்து ஏறி, முழங்கால் அருகே லுங்கியைக் கடித்தான்.

"டேய், எச்சி!" என்றான் நிர்மல். குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தட்டை வாங்கிக்கொண்டான்.

"ரெண்டு கையால வாங்குடா, மரியாதை தெரியாதவனே" என்று கோமளா அழுதுகொண்டே திட்டினாள்.

"மூணாவது கை இருந்தா குடு, வாங்கிக்கறேன். உம் பேரனை யாரு புடிக்கறது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிருபாகரன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயில் என்றான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது பந்திதான். காலையில் தொடாத இட்லி உப்புமாவானது. கோமளா அவசர அவசரமாக முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்கும் பண்ணினாள். தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நிர்மல் அரசுவை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டான். இப்பவே பழக வேண்டாமா என்றான்.

"அந்த மெயிலு அப்படியே இருக்கட்டும்கா" என்றான். "திருத்தம் கிருத்தம்னு ஒண்ணும் அனுப்பாத. மாமன் பேர்லயே அழைப்பு போன மாதிரி இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை பேரைப் போடு. இல்லன்னா உன் ஆபீஸ் மெயிலு கூட என் பேர்ல போகும், சம்பளம் நான் வாங்குவேன்."

"இனிமே வர்ற பதிலெல்லாம் உனக்கே அனுப்பறேன், நீயே பாத்துக்க. முகவரி என்னுதா இருக்கறதால எல்லாம் எங்கிட்டதான் வந்து விழுது" என்று சொல்லிக்கொண்டே மோகனப்பிரியா போனை எடுத்தாள். பதினெட்டுப் பதில்கள். வருகிறோம், வருகிறோம், வாழ்த்துகள், மண்டபத்துக்கு வழி எப்படி. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒன்றில் நின்றாள்.

ஜெபா. அம்பத்தூர் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி. மூன்று வருஷமாகச் சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்கிறவள். ஆபீஸ் ஆட்கள் பட்டியலில் அவளுக்கும் ஒன்று போயிருந்தது. முறை சேர்க்காமல், அன்புள்ள ஜெபாவுக்கு என்று மட்டும்.

பதில் இப்படி இருந்தது.

"நிர்மல், மெயில் பார்த்தேன். என்னையும் கூப்பிடுவீங்கன்னு நினைக்கவே இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கூட சொல்லாம இப்படியா? அப்போ உங்க அக்காகிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லிட்டீங்களா? தினமும் அவங்க பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு நான் படற பாடு இனிமே இல்ல. கண்டிப்பா வர்றேன். என்ன கலர் புடவை கட்டட்டும்?"

மோகனப்பிரியா இரண்டு தடவை படித்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி எதிரே பார்த்தாள். தம்பி இரண்டாவது தடவையாகச் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, அரசுவின் வாயில் ஒரு பருக்கையை வைத்துக்கொண்டிருந்தான். இவனுக்கு ஜெபாவை எங்கே தெரியும்? எப்போதிலிருந்து?

"யாருக்கா? எவ்ளோ நேரமா படிக்கற?"

"ஒருத்தங்க கண்டிப்பா வர்றாங்களாம்" என்றாள் மோகனப்பிரியா. போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏன்டா நிர்மல், காதுகுத்துக்கு என்ன கலர்ல புடவை கட்டினா நல்லாருக்கும்?"

"மயில் பச்சை" என்றான் அவன், சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

ரசம் கொண்டு வந்த கோமளா நின்றாள்.

"யாருக்குடி புடவை?"